பதினெட்டுப் புள்ளிக்குள் ஒரு ண

ண என்ற ஒரே ஓர் எழுத்துக்காக மூன்று நாள் மருத்துவ விடுப்பு எடுத்தவன் நான். 'கடும் முதுகுவலி காரணமாக விடுப்பு வழங்க வேண்டுகிறேன்' என்று கடிதம் கொடுத்தேன். அந்த ஒரு வரியிலேயே ண இரண்டு இடத்தில் வந்துவிட்டது. கையால் எழுதும்போது மட்டும் இந்தச் சனியன் எப்படி இவ்வளவு சுலபமாக வருகிறது என்று, கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் பொறாமைப்பட்டேன். முதுகு நன்றாகவே இருந்தது. கெட்டுப்போயிருந்தது வேறு உறுப்பு.

ஓய்வு பெற்றவன் இதை வெளியில் சொல்லாமலேயே காலத்தை ஓட்டியிருக்கலாம். போன வாரம் பழைய கம்பெனியிலிருந்து போன் வந்தது. கணினிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண். தையல் லைனுக்கு லைன் கணினித் திரை மாட்டப் போகிறார்களாம்; நான் செய்த எழுத்துருவையே அதிலும் போடப் போகிறார்களாம்.

"சார், உங்க ஃபாண்ட்ல ண மட்டும் உள்ள அங்கங்க மெலிசா இருக்குது. திரையில பெரிசாக்குனா நல்லா தெரியுது. ஏதாவது பிழையா சார்? சரி பண்ணிடட்டா?"

அம்மா, அது பிழையில்லை, என் ஆயுளில் நான் செய்த ஒரே கண்டுபிடிப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். கௌரவம் தடுத்தது. "அப்படியே இருக்கட்டும்மா" என்றேன். "ஏன் சார்?" என்றாள். அந்த ஏன் போனில் அடங்காது. எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நான் எழுத்து வடிவமைப்பாளன் அல்ல. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் பேட்டர்ன் ரூமில் வேலை பார்த்தவன். ஒரு ஷூவுக்கு எத்தனை துண்டுத் தோல் வேண்டும், ஒவ்வொரு துண்டும் என்ன உருவம், அளவு கூடினால் எது வளரும், எது வளராது என்று வரைந்து கொடுக்கும் இடம் அது. கத்தியால் அட்டை வெட்டக் கற்றுக்கொண்டேன், விரலை நறுக்கிக்கொண்டேன், கம்ப்யூட்டர் வந்தது, விரல் தப்பித்தது. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான். வீட்டில் இரண்டு பீரோ நிறையப் புத்தகம் உண்டு. அதனால் கம்பெனியில் என்னைப் படித்தவன் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கைதான் வினையாக முடிந்தது.

தையல் பிரிவில், தைக்கவேண்டிய துண்டுகள் வரும் ஒவ்வொரு டிரேயோடும் ஒரு சீட்டு போகும். யார் தைக்கவேண்டும், எந்தத் துண்டு, எந்த அளவு, என்ன நிறம், எத்தனை ஜோடி என்று அதில் இருக்கும். ரொம்ப நாளாக ஒரு கிளார்க் கையால் தமிழில் எழுதி வந்தார். அவருக்குப் பதிலாக மென்பொருளும் உள்ளங்கை அகலச் சீட்டடிக்கும் சின்ன பிரிண்டரும் வந்தன. அந்த மென்பொருள் இடைவெளியை எண்ணித்தான் பத்தி பிரிக்கும். ஆங்கிலத்தில் அதற்கென்றே எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் இருக்கும் எழுத்துரு உண்டு. நெட்டைக்கோடு ஒன்றுக்கும் அதே இடம், குண்டு எழுத்துக்கும் அதே இடம். தமிழில் அவர்கள் கொண்டுவந்த எழுத்துருவில் ர ஒல்லி, ண குண்டு. பெயர் நீளமாக இருந்தால் பின்னால் வரும் எண்களெல்லாம் நகர்ந்துவிடும். முதல் நாளே 'எண்ணிக்கை' என்ற தலைப்பின் கீழே முப்பத்தெட்டு வந்து நின்றது. அது ஷூவின் அளவு. பன்னிரண்டு ஜோடி தைக்கவேண்டிய பெண் முப்பத்தெட்டு ஜோடிக்கு நூல் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தமிழ்ல கட்டம் நிக்காது சார். இங்கிலீஷ்ல வெச்சுக்கங்க" என்றார் மென்பொருள் கொண்டுவந்தவர். சென்னை அலுவலகம் சரியென்றது. கூடவே ஒரு வரி: ஆங்கிலச் சீட்டு படிக்கத் தெரியாத சூப்பர்வைசர்கள் பழையபடி தையல் மெஷினுக்குப் போகலாம்.

ஆறு பேர் இருந்தார்கள். அதில் கஸ்தூரி மூன்றாவது லைன். நூல் நறுக்க வந்தவர், மெஷினில் உட்கார்ந்தவர், படிப்படியாக ஏறிச் சூப்பர்வைசர் ஆனவர். கையில் ஒரு துண்டைக் கொடுத்தால் எந்த மெஷினில் யார் தைத்தது என்று தையலைப் பார்த்தே சொல்வார். ஆங்கிலம் மட்டும் தெரியாது. பேட்டர்ன் ரூம் கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"நான் கத்துக்குடுத்த பொண்ணு எனக்குச் சொல்லணும், நான் தலையாட்டிக்கினு தைக்கணும். அதுக்கு ஊட்லயே இருக்கலாம் சார். நீங்கதான் அவ்ளோ புக்கு படிக்கிறீங்களே, இதுக்கு ஒண்ணும் இல்லியா அதுல?"

அதற்கு என்னிடம் இருந்த புத்தகங்களில் ஒன்றும் இல்லை. ஆனால் அவருக்குப் பின்னாலேயே நஸீர் பாய் வந்து நின்றார்.

நஸீர் பாய் எங்கள் உற்பத்தித் தலைவர். அவர் கத்தி நான் கேட்டதில்லை. புது மாடல் ஷூ கொடுத்தால் இடது கையைக் கையுறை மாதிரி அதற்குள் நுழைத்துக்கொள்வார். கண்ணை மூடிக்கொள்வார். வலது கட்டைவிரல் நகத்தால் தையலோரமாக ஒரு சுற்று மெதுவாகப் போவார். நகம் எங்கே நிற்கிறதோ அங்கே உங்கள் தப்பு. கண்ணைத் திறந்து, அந்த இடத்தைக் காட்டி, ஷூவை உங்கள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போய்விடுவார். திட்டு வாங்கியிருந்தால் தூங்கலாம். இதற்கு அப்புறம் தூக்கம் வராது.

"வேலு, கோடு போடற கம்ப்யூட்டர் உன்கிட்டதான இருக்குது?"

"ஆமா பாய்."

"எழுத்தும் கோடுதான? ரெண்டு மாசம் டைம் வாங்கித் தர்றேன். மூணு நாள் டிரையல். ஒரு டிரே தப்பா போனாலும் இங்கிலீஷ் சீட்டு, இந்தம்மா மெஷினுக்கு. பாத்துக்க."

கஸ்தூரி என்னைப் பார்த்தார். நான் பீரோ நிறையப் புத்தகம் வைத்திருப்பவனின் முகத்தோடு, "பண்ணிடலாம்" என்றேன்.

இலவச மென்பொருள் ஒன்றை இறக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். கணக்கு எளிது. சீட்டில் ஒரு வரிக்கு முப்பத்திரண்டு கட்டம் வேண்டும். அந்தப் பிரிண்டரில் ஒரு கட்டத்துக்குக் கிடைப்பது பதினெட்டுப் புள்ளி அகலம். தமிழில் உள்ள எல்லா எழுத்தும் அந்தப் பதினெட்டுக்குள் குடியிருக்கவேண்டும். கொம்புக்கும் காலுக்கும் தனித்தனிக் கட்டம். புள்ளி தலைக்கு மேல் இலவசம்.

முதல் வடிவத்தைப் பத்து நாளில் முடித்தேன். என் தொழில் சாமர்த்தியம் முழுவதையும் அதில் காட்டியிருந்தேன். தோலில் துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே விடும் வெற்றிடம் எல்லாம் குப்பைக்குப் போகிற தோல். ஒரு வளைவின் குழியில் இன்னொன்றின் மூக்கை நுழைத்து, விரல் வைக்க இடமில்லாமல் அடுக்குவதுதான் பேட்டர்ன் ரூமின் பெருமை. அதே கையோடு ஒவ்வொரு எழுத்தையும் இழுத்து, கட்டத்தின் இடது சுவரிலிருந்து வலது சுவர்வரை முட்ட நிரப்பினேன். உலகத்தில் ஷூக்காரனைத் தவிர வேறு யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள்.

நஸீர் பாய் சீட்டை டிரேயில் சாய்த்து நிறுத்தினார். சூப்பர்வைசர் நிற்கும் இடத்திலிருந்து டிரே நாலடி தள்ளி நகரும். எனவே நாலடியில் படிக்கவேண்டும். பின்பக்கமாக நடந்தார். "ஏக்" என்றார். நின்றுவிட்டார். ஓரடியிலேயே படிக்க முடியவில்லை.

"எத்தன பர்சன்ட் வேஸ்டேஜ்?" என்று கேட்டார்.

"பூஜ்யம் பாய்" என்றேன், பெருமையாக.

"அதான் பேஜார்."

கஸ்தூரி சீட்டை எடுத்து இடுப்பில் வைத்துப் பார்த்தார். "இன்னா சார் இது, பெல்ட்டா?"

உண்மையில் அப்படித்தான் இருந்தது. வரிக்கு ஒரு கறுப்பு வார். முப்பது வருஷமாக எதைத் திருட்டு என்று நினைத்தேனோ, அந்த வெற்றிடத்தை இப்போது நானே இரண்டு பக்கமும் தாராளமாக வழங்கவேண்டியிருந்தது. ஒவ்வொரு புள்ளி விடும்போதும் யாரோ வந்து கேட்கப்போகிறார்கள் என்று கதவைப் பார்த்துக்கொண்டேன்.

இரண்டாம் சுற்றில் எழுத்துகளின் குணம் பிடிபட்டது. ட, ப இரண்டும் தங்கமான பிள்ளைகள். எவ்வளவு இழுத்தாலும் வரும், எவ்வளவு குறுக்கினாலும் முகம் மாறாது. ர-வுக்குப் பதினெட்டுப் புள்ளி ஜாஸ்தி. கல்யாண மண்டபத்தில் மூன்று நாற்காலி கிடைத்த ஒல்லி ஆள் மாதிரி எங்கே உட்காருவதென்று தெரியாமல் தவித்தது. அதன் பாதத்தைக் கொஞ்சம் நீட்டி வைத்தேன், பொருந்தியது. தனியாக நிற்கும் காலின் தலையை அகலப்படுத்தினேன். ழ-வுக்கும் எனக்கும் நான்கு நாள் பேச்சுவார்த்தை இல்லை; பிறகு வாலைச் சுருட்டிக்கொண்டு வந்தது. பஸ்ஸில் போகும்போது கடைப் பலகை எழுத்துகளை விரலால் அளப்பது பழக்கமாயிற்று. வாணியம்பாடி பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் சட்டை முதுகில் அச்சடித்திருந்த ஞ-வை அளக்கப்போய், அவர் திரும்பி, "இன்னா தோஸ்த், அளவு சட்டையா வேணும்?" என்று கேட்டார். சந்தோஷமான நாட்கள். வேலைக்குப் போகிறோம் என்ற ஞாபகமே இல்லாமல் போய்வந்த வாரங்கள் என் வாழ்க்கையில் அவைதான்.

எல்லோரும் வந்தார்கள், ண வரவில்லை.

குறுக்கே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். ண-வில் அது ஆறு இடத்தில் மையை வெட்டும். கோட்டுக்கு இரண்டு புள்ளி என்றால் பன்னிரண்டு. நடுவே ஐந்து சந்து, ஒவ்வொரு புள்ளி. பதினேழு. அடுத்த எழுத்தோடு ஒட்டாமலிருக்க ஒன்று. பதினெட்டு. கணக்கு கச்சிதம்; காகிதம் ஒத்துக்கொள்ளவில்லை. அது சூட்டினால் அச்சடிக்கும் பிரிண்டர். சூடேறினால் ஒற்றைப் புள்ளிச் சந்துகளை அதுவே அடைத்துவிடும். ண மூன்று சுழியும் மூடி, பூரான் நசுங்கிய இடம் மாதிரி விழுந்தது. கோடு முழுவதையும் ஒரு புள்ளியாக்கினேன். இப்போது மற்ற எழுத்துகளுக்கு நடுவே காய்ச்சலில் கிடந்து எழுந்தது போல் வெளிறி நின்றது.

'வண்ணம்' என்று ஒரு தலைப்பு வைத்திருந்தேன். அடுத்தடுத்து இரண்டு ண. நஸீர் பாய் நகத்தை அங்கே நிறுத்தினார்.

"நம்ம ஃப்ளோர்ல எவன்யா வண்ணம்னு சொல்றான்? கலர்னு போடு."

இலக்கிய ரசனைக்கு விழுந்த அடியை வாங்கிக்கொண்டு கலர் என்று போட்டேன். 'எண்' நம்பராயிற்று. எண்ணிக்கை ஜோடியாயிற்று. ண-வே இல்லாத தமிழ் ஒன்றை உருவாக்கிவிட்டேன் என்று நினைத்தபோது கஸ்தூரி தன் லைன் பெயர்ப் பட்டியலைக் கொண்டுவந்து வைத்தார். நடுவில் கிருஷ்ணவேணி. குண்டான ஷ்-ஐ அடுத்து ண. இருவர் சீட்டில் இரண்டு பயில்வான்கள். போதாததற்குக் கடைசியில் ணி.

"பேரைச் சுருக்கி வேணின்னு..." என்று ஆரம்பித்தேன். சுருக்கினாலும் ணி இருந்தது.

"பேரையே மாத்திக்கச் சொல்லட்டா சார்? அவ ஊட்டுக்காரர் பேரு கண்ணன். அவரையும் மாத்திடலாம்" என்றார் கஸ்தூரி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கதவருகே போய் நின்று, சிரிக்காமல், "திங்கக்கெழம டிரையல் சார்" என்றார்.

அப்போதுதான் முதுகுவலி வந்தது.

வியாழன், வெள்ளி, சனி. கம்பெனியில் உதிரியாக இருந்த பிரிண்டரை, 'பழுது பார்க்க' என்று கேட் பாஸ் எழுதிச் சாப்பாட்டுப் பையில் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். கூடம் முழுக்க ண. தரை, நாற்காலி, டிவி மேல், எங்கும் ண. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் நாலு காலில் தவழ்ந்து அவற்றை ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு பை சாத்துக்குடியோடு நஸீர் பாய் நலம் விசாரிக்க வந்துவிட்டார். என் மனைவிதான் கதவைத் திறந்தாள்.

"முதுகுவலியா? யாருக்கு? நேத்துகூட கட்டிலுக்கு அடியில இருந்த டிரங்குப் பெட்டிய ஒத்த ஆளா இழுத்துப் போட்டாரே!"

நான் தவழ்ந்த நிலையிலேயே நிமிர்ந்து பார்த்தேன். நஸீர் பாய் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், ஸ்டூலில் இருந்த கம்பெனிப் பிரிண்டரைப் பார்த்தார்.

"இதுக்கும் முதுகுவலியா?"

பிறகு சாத்துக்குடியை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, ண-க்களை மிதிக்காமல் தாண்டித் தாண்டி வந்து நாற்காலியில் இருந்தவற்றை ஒதுக்கி உட்கார்ந்தார். ஒரு சீட்டை எடுத்தார். பழக்கம். கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் எழுத்தின் மேல் போனார். காகிதத்தில் என்ன தட்டும்? கண்ணைத் திறந்து, சுழிகள் சேர்ந்து அடைத்துக்கொண்டிருந்த கறுப்பில் நகத்தை வைத்தார்.

"கட்டி தட்டியிருக்குது பார். ஸ்கைவிங் பண்ணலியா?"

ஒரு நாளைக்கு ஐம்பது முறை சொல்கிற வாக்கியம். ஷூவின் மேல்தோலில் ஓரத்தை மடித்து ஒட்டும்போது, தோல்மேல் தோல் விழும் இடம் கட்டி தட்டும். அதனால் மடியப்போகும் ஓரத்தை மட்டும் முன்னதாகவே சீவி மெலிதாக்குவோம். மற்ற இடமெல்லாம் முழுக் கனம். வெளியிலிருந்து பார்ப்பவனுக்குத் தெரியவே தெரியாது. இதுதான் ஸ்கைவிங். முதல் வருஷத்துப் பையனுக்கும் தெரிந்த சங்கதி.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"பாய், இன்னா சொன்னீங்க?"

"இன்னா சொன்னேன்?" என்றார் அவர், நிஜமாகவே தெரியாமல்.

முழு எழுத்தையும் பட்டினி போடவேண்டியதில்லை. வளைவு வந்து கோட்டோடு சேர்கிற மூலைகளில் மட்டும் சீவினால் போதும். மற்ற இடத்தில் இரண்டு புள்ளிக் கனம் அப்படியே இருக்கட்டும். உட்கார்ந்தேன். ஒவ்வொரு சந்தியிலும் ஒரு புள்ளி, சில இடத்தில் இரண்டு. மொத்தம் பதினோரு புள்ளி கழித்தேன். ணி-க்கும் அதே வைத்தியம். அச்சடித்தேன். மூன்று சுழியும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தன.

நஸீர் பாய் சீட்டை டிவியின் மேல் சாய்த்துவிட்டுப் பின்பக்கமாக நடந்தார். ஏக். தோ. தீன். நாலாவது அடிக்கு எங்கள் கூடம் போதவில்லை. வாசற்படியைப் பின்காலால் தடவி இறங்கி, தெருவில் நின்றுகொண்டு, "கிருஷ்ணவேணி!" என்று உரக்கப் படித்தார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். எதிர்வீட்டு அம்மாள் வெளியே வந்து, "யாரைத் தேடறீங்க?" என்றார்.

திங்கட்கிழமை டிரையல் தொடங்கியது. சென்னை அதிகாரி கையில் குறிப்பேட்டோடு மூன்றாவது லைன் தலைப்பில் நின்றார். கஸ்தூரி டிரே வர வரச் சொல்லிக்கொண்டே போனார்: "கமலா, நாக்கு, முப்பத்தாறு, கறுப்பு, பன்னெண்டு. கிருஷ்ணவேணி, பின்தோல், முப்பத்தெட்டு, பிரவுன், பன்னெண்டு." திங்கள் போயிற்று. செவ்வாய் போயிற்று. புதன்கிழமை சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கஸ்தூரி கையைத் தூக்கினார்.

"நிறுத்து!"

லைன் நின்றது. அதிகாரி பேனாவைத் திறந்தார். நான் எட்டிப் பார்த்தேன். எந்த எழுத்து? ண-வா? நாலு நாள் முறைத்துக்கொண்டு சமாதானமான ழ-வா? கஸ்தூரி சீட்டைப் பார்த்தார், டிரேயைப் பார்த்தார், டிரேயை அதிகாரியின் முகத்துக்கு நேராகத் தூக்கினார்.

"சீட்டுல பன்னெண்டு ஜோடின்னு இருக்குது சார். டிரேல அத்தனையும் எடது காலு. கட்டிங்ல எவனோ தூங்கிட்டான். இத தெச்சா ஒத்தக்காலுக்காரனுக்குத்தான் விக்கணும்."

மூன்றாவது லைன் முழுக்கச் சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டார். குறிப்பேட்டில் ஒரே வரி எழுதினார்: தமிழ்ச் சீட்டே தொடரலாம். கஸ்தூரியும் மற்ற ஐந்து பேரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். மறுநாள் கஸ்தூரி ஆற்காட்டு மக்கன் பேடா வாங்கிவந்து லைன் முழுக்கக் கொடுத்தார். எனக்கு மட்டும் இரண்டு. என் விடுப்புக் கடிதமும் திரும்பி வந்தது. ஓரத்தில் நஸீர் பாய் எழுதியிருந்தார்: 'நோய் தெரியும். அனுமதிக்கலாம்.'

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் கழித்து ஓய்வு பெற்றேன். வழியனுப்பு டீயின்போது, மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, கஸ்தூரியைத் தனியாகப் பிடித்தேன். கேட்டிருக்கக் கூடாது. பாராட்டுக்கு ஆசைப்படும் மனிதன் எந்த வயதிலும் திருந்துவதில்லை.

"இத்தனை நாளா படிக்கிறீங்களே, எழுத்து எப்படி இருந்துச்சு?"

"எழுத்தா?" என்று யோசித்தார். "அத யாரு சார் ஒண்ணொண்ணா படிச்சிக்கினு இருக்கறது? பேரு எத்தன கட்டம் அடைச்சிருக்குதுன்னு பாப்பேன். ஏழு கட்டம்னா கிருஷ்ணவேணி, நாலு கட்டம்னா கமலா. நீங்க எழுத்துக்குப் பதிலா வெறும் பொட்டு வெச்சிருந்தாகூட லைன் ஓடியிருக்கும்."